காதால் வாசிப்பவர்களைத் துரத்தாதீர்கள்

காதால் கேட்பவன் வாசகன் இல்லை என்ற கருத்து நம் புலனக் குழுக்களில் மாதம் ஒருமுறையாவது தலைகாட்டுகிறது. 'உட்கார்ந்து படிக்கப் பொறுமை இல்லாத தலைமுறை' என்பார் ஒருவர். 'காரில் போகும்போது கதை கேட்டால் அது விளம்பரம் கேட்பது மாதிரிதான்' என்பார் இன்னொருவர். உடனே பத்து கைதட்டல் எமோஜி விழும். இப்படிச் சொல்கிறவர்கள் அநேகமாக ஒரு சிறுகதையை இருபது நிமிடத்தில் படித்து முடிக்கிறவர்கள். எழுத்து தங்களுக்குச் சுலபம் என்பதால் எல்லோருக்கும் சுலபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் என் வயது நண்பர்கள். இவர்களுக்குக் கேட்பதில் ஆட்சேபம் கிடையாது. ஆங்கிலக் கட்டுரைகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டு முடிப்பார்கள். தமிழ் என்றதும், 'டேய், மெஷின் தமிழ் வாசிச்சா சகிக்கலடா' என்று முடித்துவிடுவார்கள். எந்தக் குரலில் கேட்டாய் என்று கேட்டால், 'ஏதோ டாப் டென் லிஸ்ட்ல முதல்ல இருந்த எக்ஸ்டென்ஷன்' என்பதுதான் பதில்.

இந்த இரண்டு தரப்பிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. மூன்றாவதாக ஒரு தரப்பும் உண்டு. அது இணைய இதழ் நடத்தும் நாம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில், யார் கேட்கிறார்கள்? இந்த நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆனாலும் தேசியப்பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளும் ஏராளம். என் சித்தப்பா மகள் அப்படித்தான். வீட்டில் தமிழில் சண்டை போடுவாள், தமிழில் கிண்டல் செய்வாள், தமிழ்ப் படத்து வசனத்தை அப்படியே ஒப்பிப்பாள். எழுத்து என்று வந்தால் ஒரு பக்கத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பதற்குள் கதையில் யார் செத்தார், யார் அழுதார் என்பது மறந்துவிடும். அதே கதையைக் குரலில் போட்டுக் கொடுத்தால் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிக்கிறாள். அவளுக்கு மொழி தெரியும். அவளைத் தடுப்பது 247 எழுத்துகள்தான். சிங்கப்பூரில் நிலைமை வேறு மாதிரி. அங்கே பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள், வீட்டில் தமிழ் குறைந்துகொண்டு வருகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடுதான். இந்த இரண்டு வகைப் பிள்ளைகளும் ஒரே பக்கத்தில் கண்ணால் தொடர்ந்துகொண்டே காதால் கேட்க முடிந்தால் என்ன கெட்டுப்போகும்?

பார்வையற்ற வாசகர்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் 2006 முதல் இருக்கிறது. அதோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் எந்திரம் தமிழும் பேசும். 'அவர்களுக்குச் சரி, உனக்கென்ன கேடு?' என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வாசகருக்குக் காதால் வாசிப்பது வாசிப்பு என்றால் இன்னொருவருக்கு மட்டும் அது எப்படிச் சோம்பேறித்தனம் ஆகும்? கண் சரியாக இருப்பது குற்றமா?

மரபு பேசுகிறவர்களுக்கு மரபிலிருந்தே ஒன்று சொல்கிறேன். திருக்குறளில் 40ஆவது அதிகாரம் கல்வி, 41ஆவது கல்லாமை, 42ஆவது கேள்வி. கல்லாமைக்கு அடுத்த கதவாகக் கேள்வியைத் திறந்து வைத்தவர் வள்ளுவர். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தோட்டத்து லயங்களில் படிக்கத் தெரிந்த ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட கதையை நம் தாத்தா பாட்டிகளிடம் கேட்டால் சொல்வார்கள். அப்படிக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று 'கேட்பது வாசிப்பல்ல' என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். கவிதைக்கு இது சரிப்படாது. வரி எங்கே முறிகிறது என்பது மெஷினுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அங்கே மூச்சு விடத் தெரியாது. நான் கவிதையைக் கேட்பதில்லை. நல்ல மனிதக் குரலுக்கு மெஷின் ஈடாகாது என்பதும் உண்மைதான். ஆனால் பத்து வருடமாகச் சேர்ந்து கிடக்கும் கட்டுரைகளையும் நேர்காணல்களையும் விமர்சனங்களையும் எந்த மனிதர் உட்கார்ந்து பதிவு செய்யப் போகிறார்? கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு பெடரல் நெடுஞ்சாலையில் நகராமல் நிற்கும் ஒரு மணி நேரத்தில், அந்தக் கட்டுரைகளில் ஒன்றை நான் மெஷின் குரலில் கேட்பதா, எப்போதுமே படிக்காமல் விடுவதா? நம் முன்னால் இருக்கிற தேர்வு இதுதான்.

இப்போது என் வயதுக்காரர்களிடம் வருகிறேன்.

'சிறந்த பத்து எக்ஸ்டென்ஷன்கள்' என்று வரும் பட்டியல்கள் எதையும் நம்பாதீர்கள். அவற்றை எழுதுபவர் ஒரு வரிகூடத் தமிழில் கேட்டுப் பார்த்திருக்க மாட்டார். நட்சத்திரம் கொடுப்பதெல்லாம் ஆங்கிலக் குரலுக்கு. நமக்குத் தெரிய வேண்டியது முதலில் இது: எக்ஸ்டென்ஷனுக்கென்று சொந்தமாகக் குரல் இருப்பது அபூர்வம். அது மூன்று வேலை செய்கிறது. பக்கத்திலிருந்து மெனு, விளம்பரம், 'மேலும் வாசிக்க' எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கட்டுரையை மட்டும் பொறுக்கி எடுப்பது ஒன்று. எடுத்ததைத் துண்டு துண்டாக வெட்டி, எந்த மொழி என்று முடிவு செய்வது இரண்டாவது. அதைக் குரலுக்கு அனுப்புவது மூன்றாவது. குரல் என்பது உங்கள் விண்டோஸிலோ கைப்பேசியிலோ பிரவுசரிலோ ஏதோ ஒரு கம்பெனியின் சர்வரிலோ இருக்கிறது. 'இந்த எக்ஸ்டென்ஷன் தமிழ் சகிக்கல' என்று திட்டுவது, ரேடியோ பெட்டியைப் பார்த்துப் பாடகரைத் திட்டுவது மாதிரி.

ஆக, எக்ஸ்டென்ஷனைத் தேடுவதற்கு முன்னால் குரலைத் தேடுங்கள். குரோமுடன் நீண்ட காலமாக வந்துகொண்டிருந்த கூகுள் குரல் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஹிந்தி இருந்தது, இந்தோனேசிய மொழி இருந்தது, தமிழ் இல்லை. கணினியில் வேறு தமிழ்க் குரல் நிறுவாமல் குரோமில் எந்த இலவச எக்ஸ்டென்ஷனைப் போட்டாலும் ஏமாற்றம்தான் வரும் என்பதற்குப் பாதிக் காரணம் இது. விண்டோஸில் 'வள்ளுவர்' என்ற தமிழ்க் குரல் உண்டு. பேச்சு அமைப்புகளுக்குள் போய் நாமே இறக்கிக்கொள்ள வேண்டும். ஃபயர்பாக்ஸ் 2016 முதலே தன் வாசிப்புப் பார்வையில் ஒரு கேட்கும் பொத்தானை வைத்திருக்கிறது. அது கணினியில் இருக்கும் குரலைத்தான் பயன்படுத்தும்.

மைக்ரோசாஃப்ட் எட்ஜ் பிரவுசரில் எக்ஸ்டென்ஷனே தேவையில்லை. உரக்க வாசிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. அதன் குரல் பட்டியலைத் திறந்து கீழே உருட்டிப் பார்த்திருக்கிறீர்களா? மைக்ரோசாஃப்ட் தமிழுக்கு நான்கு நாட்டுக் குரல்களை வைத்திருக்கிறது. இந்தியாவுக்குப் பல்லவி, வள்ளுவர். இலங்கைக்குச் சரண்யா, குமார். சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு. மலேசியாவுக்குக் கனி, சூர்யா. மொத்தம் எட்டு. 'மலேசியத் தமிழுக்கு உலகத்தில் யார் மதிப்புக் கொடுக்கிறார்கள்' என்று மேடைதோறும் புலம்புகிறோம். நம் நாட்டின் பெயரைப் போட்டு இரண்டு குரல் சும்மா கிடக்கிறது, அதைச் சொல்ல ஆளில்லை.

பெயரில் மலேசியா இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. தமிழ் எழுத்து மெஷினுக்கு ஒருவகையில் எளிது. ஆங்கிலம் மாதிரி ஒரே எழுத்துக்கூட்டலுக்கு நாலு உச்சரிப்பு கிடையாது. க என்ற எழுத்து 'கல்'லில் ஒரு ஒலி, 'தங்க'த்தில் ஒரு ஒலி, 'அக'லில் இன்னொன்று. ஆனால் இடத்தைப் பார்த்தே எது என்று சொல்லிவிடலாம். விதி இருக்கிறது. சிக்கல் கடன் சொற்களில்தான் தொடங்குகிறது. நம் ஊர்த் தமிழோ கடன் சொற்களால் ஆனது. பேராக், பந்திங் இரண்டும் ப வரிசையில்தான் தொடங்குகின்றன. முதலாவதற்கு உதடு வல்லினமாக வெடிக்கும், இரண்டாவதற்கு மென்மையாகத் திறக்கும். கெடாவின் முதல் ஒலி வேறு, கோம்பாக்கின் முதல் ஒலி வேறு. எழுதும்போது இரண்டும் ககரம்தான். நமக்கு இது பிரச்சினையே இல்லை, ஏனென்றால் ஊர் தெரியும். மெஷினுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அதனால் எந்தக் குரலையும் எக்ஸ்டென்ஷனையும் நான் நாலு வாக்கியத்தை வைத்துத்தான் சோதிப்பேன். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

'பாவம் செய்தவன் முகத்தில் ஒரு பாவமும் இல்லை.' முதல் பாவமும் இரண்டாவது பாவமும் வேறு வேறு. பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகத்தான் வாசிக்கும். அது பரவாயில்லை. சில மனிதர்களுக்கும் அப்படித்தான்.

'டத்தோ கம்போங் பாருவில் கோப்பி குடித்துவிட்டு பண்டார் துன் ரசாக் போனார்.' இதை நம் காது ஏற்றுக்கொள்ளும்படி வாசித்தால் அந்தக் குரலுக்கு இந்த மண் கொஞ்சம் தெரியும் என்று அர்த்தம்.

'2013-இல் அவர் சம்பளம் ரி.ம. 2,500 மட்டுமே.' இங்கே சோதிப்பது குரலை அல்ல, எக்ஸ்டென்ஷனை. புள்ளி வந்தால் வாக்கியம் முடிந்துவிட்டது என்று நினைத்து வெட்டுகிற எக்ஸ்டென்ஷன் 'ரி' என்று நிறுத்தும், 'ம' என்று நிறுத்தும், அப்புறம் எண்ணுக்குப் போகும். காற்புள்ளியைப் பார்த்து 'இரண்டு, ஐந்நூறு' என்று பிரித்து வாசிப்பதும் உண்டு. நம் எழுத்தில் தலைப்பெழுத்துப் புள்ளிகள் அதிகம். நா., மு., சி. என்று ஒவ்வொரு எழுத்தாளர் பெயரிலும் நின்று நின்று போனால் ஒரு விமர்சனக் கட்டுரையைக் கேட்கவே முடியாது.

'என்னாடா இது, எத்தன வாட்டி சொன்னாலும் கேக்க மாட்டேங்குற?' பேச்சுத் தமிழ் உரையாடல் இல்லாமல் நம் சிறுகதை உண்டா? எழுத்துத் தமிழை அழகாக வாசிக்கிற குரல் இந்த இடத்தில் தடுமாறினால் அது செய்திக்கு ஆகும், கதைக்கு ஆகாது.

கவனித்தீர்களா, 'இயல்பாக இருக்கிறதா' என்பது என் பட்டியலில் இல்லை. இயல்பு என்பது விளம்பரச் சொல். குழைந்து பேசும் குரல் தப்பாக வாசித்தால், தட்டையாகச் சரியாக வாசிக்கும் குரலைவிட அது மோசம். பார்வையற்ற பயனர்கள் பலர் ரோபோ மாதிரிப் பேசும் குரலையே விரும்பி வைத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டினாலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழும். நாலு நாள் கேட்டால் காது பழகிவிடும். தப்பான உச்சரிப்புக்குத்தான் எத்தனை நாளானாலும் காது பழகாது.

அடுத்தது, யாரும் பேசாத விஷயம். எக்ஸ்டென்ஷன் போடும்போது ஒரு சின்னப் பெட்டி வருகிறது. 'எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கிறது. நாம் சரி என்று அமுக்கிவிட்டுப் போகிறோம். எல்லாத் தளங்களும் என்றால் எல்லாத் தளங்களும்தான். உங்கள் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், ஆபீஸ் மனிதவளத் தளம், இன்னும் வெளியிடாத உங்கள் நாவலின் கூகுள் கோப்பு, எல்லாம். ஒரு பக்கத்தை வாசித்துக் காட்ட இவ்வளவு தேவையில்லை. நீங்கள் பொத்தானை அமுக்கும்போது, அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும் அனுமதி என்று தனியாக ஒன்று குரோமில் இருக்கிறது. அதை வைத்தே வேலையை முடிக்கலாம். கட்டுரை வாசிக்க வீட்டுச் சாவிக்கொத்தையே கேட்கிறவனிடம் ஏன் என்று கேட்க வேண்டாமா?

'நல்ல பேர் எடுத்த எக்ஸ்டென்ஷன்தானே' என்பீர்கள். தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது. வாசிப்புக் கருவி இல்லை, திறந்து கிடக்கும் டேப்களைத் தூங்க வைப்பது. லட்சக்கணக்கானோர் வைத்திருந்தார்கள். 2020இல் அதை எழுதியவர் வேறு ஆளுக்கு விற்றார். 2021 பிப்ரவரியில், அதில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுளே நீக்கியது. எக்ஸ்டென்ஷன் கைமாறியது பயன்படுத்தியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அதுபாட்டுக்கு அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது. இலவசமாகக் கிடைக்கும் எந்த எக்ஸ்டென்ஷனுக்கும் இது நடக்கலாம்.

குரலிலும் இதே கேள்வி உண்டு. வைஃபையை அணைத்துவிட்டுப் பொத்தானை அமுக்குங்கள். தொடர்ந்து வாசித்தால் குரல் உங்கள் கணினிக்குள் இருக்கிறது. நின்றுவிட்டால் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு வரியும் எங்கோ ஒரு சர்வருக்குப் போய்த் திரும்புகிறது. கனியும் சூர்யாவும்கூட எட்ஜில் இணையம் வழியாக வருகிறவர்கள்தான். பொதுவில் வெளியான கட்டுரை போனால் ஒன்றும் நட்டமில்லை. நண்பர் நம்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதியையோ ஆபீஸ் மின்னஞ்சலையோ அப்படிக் கேட்காதீர்கள். என் கணக்கு எளிது. வெளியானதற்கு எட்ஜ், வெளியாகாததற்குக் கணினிக்குள்ளேயே இருக்கும் வள்ளுவர். எக்ஸ்டென்ஷன் கட்டாயம் வேண்டுமென்றால், ஒரு பக்கத்துக்கு மட்டும் அனுமதி கேட்பது எதுவோ அது. மாதச் சந்தா கட்டச் சொல்கிறவர்களிடம் முதலில் அந்த நாலு வாக்கியத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இனி மூன்றாவது தரப்பு. இதை எழுதும்போது இந்த இதழின் ஆசிரியர் குழுவும் படிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு இணையப் பக்கத்தின் தலையிலும், கண்ணுக்குத் தெரியாமல், 'இது இன்ன மொழி' என்று ஒரு குறிப்பு இருக்கும். நம் இலக்கியத் தளங்கள் பலவற்றில் அது 'அமெரிக்க ஆங்கிலம்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. வோர்ட்பிரஸ் நிறுவும்போது வந்தது, அப்படியே கிடக்கிறது. குறிப்பை நம்பும் கருவி ஆங்கிலக் குரலைத் தேர்ந்தெடுக்கும். ஆங்கிலக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, தாண்டிப் போய்விடும். தோட்டத் துண்டாடலைப் பற்றி ஒருவர் உயிரைக் கொடுத்து எழுதிய இரண்டாயிரம் சொல் கட்டுரையிலிருந்து வாசகர் காதில் விழுவது நாலைந்து ஆண்டு எண்கள் மட்டும். திருத்துவதற்குச் செலவு இல்லை. அமைப்புகளுக்குள் போய்த் தள மொழியைத் தமிழ் என்று மாற்ற வேண்டும். நிர்வாகப் பக்கம் ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்றால் உங்கள் கணக்கில் மட்டும் ஆங்கிலம் வைத்துக்கொள்ளலாம். இரண்டு நிமிட வேலை.

கவிதையைப் படமாகப் போடுகிறோம். பின்னணியில் மழை, மேலே அழகான எழுத்துரு. கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. காதுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. தேடுபொறிக்கும் ஒன்றுமில்லை, நாளைக்கு ஆய்வு செய்கிறவருக்கும் ஒன்றுமில்லை. பழைய இதழ்களை பிடிஎஃப் ஆக ஏற்றிவிட்டு ஆவணப்படுத்திவிட்டோம் என்கிறோம். ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் அதைவிட வேடிக்கை. திரையில் தமிழ் தெரியும், குரலுக்குப் போவது அர்த்தமில்லாத குறிகள்.

இது நமக்கு ஆகக்கூடாத விஷயம். தமிழை இணையத்தில் ஏற்றிய ஆரம்ப வேலைகளில் நம் இரண்டு நாடுகளின் பங்கு சின்னதல்ல. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு அஞ்சலைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, ஒரு சிறுகதை எழுத்தாளர், கணினியில் தமிழ் வர வேண்டும் என்று கணியன் மென்பொருளோடு மல்லுக்கட்டினார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு நான்கு மொழிகளில் இணையம் ஏறியபோது அதில் தமிழும் இருந்தது. தமிழ் திரையில் தெரிவதற்கே அவர்கள் போராட வேண்டியிருந்தது. நமக்கு யூனிகோடு கையில் இருக்கிறது, எட்டுக் குரல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நாம் கவிதையை ஜேபெக் ஆக்கிக்கொண்டிருக்கிறோம்.

'வாசகர்கள் குறைந்துவிட்டார்கள்' என்று அடுத்த கூட்டத்தில் யாராவது மைக்கைப் பிடித்தால், அவரிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: ஐயா, உங்கள் தளத்தை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு திறந்து பார்த்தீர்களா?